“ஆளே அப்பிடித்தான்” என்று ஏன் இவ்வளவு கெதியாகச் சொல்லிவிடுகிறோம்?

கேட்டவர் கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு தாய். அவருடைய கேள்வி சுருக்கமாக இதுதான். கந்தோருக்கு யாராவது பிந்தி வந்தால் “பொறுப்பில்லாத ஆள்” என்று மனம் உடனே சொல்கிறது. தான் பிந்தினால் மட்டும் காலி வீதி நெரிசல், சின்னவனுக்குக் காய்ச்சல் என்று காரணங்கள் முன்னுக்கு வருகின்றன. இது ஏன்? தன்னைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைப்பதாவது சரியா? உயர்தரப் பரீட்சையில் சறுக்கிய மூத்த மகன் “எனக்கு மூளை இல்லை” என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

மூன்றும் ஒரே இடத்தில் வேர்விட்ட கேள்விகள். ஒரு செயலைக் கண்டவுடன் அதற்கு ஒரு காரணத்தை நாம் ஒட்டிவிடுகிறோம். அந்தக் காரணம்தான் அடுத்து நாம் கோபப்படுவதா, உதவுவதா, விலகுவதா, முயற்சியைக் கைவிடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. உளவியலில் இதைக் காரணம் கற்பித்தல் என்பார்கள்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை 1944ஆம் ஆண்டு ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி ஆகியவற்றை வைத்து அவர்கள் ஒரு சிறிய அசைபடம் செய்தார்கள். வடிவங்கள் அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். பார்த்ததை எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒருவர் மட்டுமே அதை வடிவங்களின் அசைவாக எழுதினார். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் சண்டைக்காரனாகவும், சின்னது தைரியசாலியாகவும், வட்டம் பயந்த பெண்ணாகவும் தெரிந்தன. ஒரு முக்கோணத்துக்கே குணம் கொடுக்கிற மனம், அடுத்த மேசையில் இருப்பவருக்குக் கொடுக்காமல் விடுமா?

ஹைடர் 1958இல் எழுதிய நூலில் இதை இரண்டாகப் பிரித்தார். ஒரு செயலுக்கான காரணத்தை ஆளுக்குள் தேடலாம். ஆளைச் சுற்றியுள்ள நிலைமையிலும் தேடலாம். நாம் முதலாவதைத்தான் முதலில் எடுக்கிறோம் என்பதற்குத் தெளிவான சான்று 1967இல் வந்தது. எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் மாணவர்களிடம் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சில கியூபாவின் ஆட்சியாளர் காஸ்ட்ரோவை ஆதரித்தன, சில எதிர்த்தன. “எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தெரிவு செய்யவில்லை, அவருக்கு அப்படி எழுதும்படி சொல்லப்பட்டது” என்று வெளிப்படையாகச் சொல்லிய பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளர்தான் என்றே வாசித்தவர்கள் சாய்ந்தார்கள். கட்டாயம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் அதற்கு உரிய எடையை அவர்கள் கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து லீ ரொஸ் இந்தச் சாய்வுக்கு அடிப்படைக் காரணக் கற்பிப்புப் பிழை என்று பெயர் வைத்தார்.

கொழும்பில் இதைப் பார்க்க எங்கும் போகத் தேவையில்லை. 100ஆம் இலக்கப் பாதையில் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓடும் தனியார் பஸ் இரண்டு, வெள்ளவத்தையில் ஒன்றையொன்று முந்தி ஓடுவதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நாம் எல்லோரும் சாரதியைத் திட்டுகிறோம். அவருக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வருமானம் அன்று ஏறுகிற ஆட்களைப் பொறுத்தது என்பதும், முன்னால் போகிற பஸ் அடுத்த தரிப்பில் நிற்பவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதும் நமக்குத் தெரியாத விடயங்கள் அல்ல. ஆனாலும் கண்ணாடியில் தெரிவது ஒரு முகம். வருமானக் கணக்கு எந்தக் கண்ணாடியிலும் தெரிவதில்லை. சாரதியை மாற்றினால் தீரும் என்று நினைக்கிறோம். புதிதாக வருகிறவரும் சில நாட்களில் அப்படியே ஓட்டுவார். அவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. திட்டு முழுவதையும் அவரிடம் இறக்கி வைத்தால் கொடுப்பனவு முறையைப் பற்றி யாரும் கதைக்க மாட்டார்கள் என்பதே என் கவலை.

இன்னொரு சோதனையை நம் கந்தோர்களுக்காகவே செய்தது போல நான் நினைப்பதுண்டு. 1977இல் ரொஸும் தெரேசா அமபீல், ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் ஆகியோரும் ஒரு வினாவிடைப் போட்டி நடத்தினார்கள். யார் கேள்வி கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பதைக் குலுக்கல்போல் தீர்மானித்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்த விடயங்களிலிருந்து கடினமான கேள்விகளைத் தானே உருவாக்க வேண்டும். இயல்பாகவே பதில் சொல்பவர் பலவற்றில் விழித்தார். முடிவில் பார்த்தவர்கள் கேள்வி கேட்டவரை அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். பதில் சொன்னவரும் அப்படியே நினைத்தார். கேள்விகளைத் தெரிவு செய்யும் உரிமை ஒருவர் கையில் இருந்தது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அது அவர்களுடைய கணக்கில் வரவில்லை.

இப்போது ஹற்றனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். தேநீர் நேரத்துப் பகிடிகள் சிங்களத்தில் பறக்கும். தலைப்பை வைப்பவர் மேலாளர், வேகத்தை வைப்பவரும் அவரே. தமிழில் ஒரு கணக்கறிக்கையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லக்கூடிய பிள்ளை அந்த மேசையில் இரண்டு வசனத்தோடு நிறுத்திக்கொள்ளும். மூன்று மாதத்தில் “ஆள் நல்லம், ஆனா கொஞ்சம் மந்தம்” என்று ஒரு பெயர் வந்துவிடும். அதைவிடக் கொடுமை, அந்தப் பிள்ளையே அதை நம்பத் தொடங்குவது. வினாவிடைச் சோதனையில் பதில் சொன்னவருக்கு நடந்ததும் இதுதான். உங்கள் பிரிவில் இப்படி அமைதியாக ஒருவர் இருந்தால் அவரோடு அவருடைய மொழியில் தனியாகக் கதைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மதிப்பிடுங்கள்.

சரி, நிலைமையைப் பார்க்கத் தெரியாதவர்களா நாம்? தெரிந்தவர்கள்தான். அதற்கு நேரமும் கவனமும் வேண்டும் என்பதுதான் சிக்கல். டேனியல் கில்பர்ட்டும் சகாக்களும் 1988இல் சத்தம் இல்லாத ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதில் ஒரு பெண் பதற்றமாகக் கதைத்துக்கொண்டிருப்பார். மிக அந்தரங்கமான விடயங்களைப் பற்றி அவரைக் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று திரையில் எழுத்து வந்தால், பார்ப்பவர்கள் “அதுதான் பதறுகிறார்” என்று விட்டுவிட்டார்கள். இன்னொரு குழுவிடம் அந்தத் தலைப்புகளை மனப்பாடம் செய்யும் வேலையையும் கொடுத்தார்கள். அவர்கள் தலைப்புகளை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெண்ணைப் பதற்றக்காரி என்றே மதிப்பிட்டார்கள். விளக்கம் கையிலேயே இருந்தும் அதைப் பயன்படுத்த மனதில் இடம் இல்லை. முதலில் குணம் தானாக வந்து விழுகிறது; நிலைமைக்காக அதைத் திருத்துவது இரண்டாவது வேலை. களைத்திருந்தால், அவசரமாக இருந்தால் அந்த இரண்டாவது வேலை நடப்பதே இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல்மாடிக்காரரின் பிள்ளை பந்து தட்டும் சத்தம் கேட்டவுடன் “வளர்ப்புச் சரியில்லை” என்று வாயில் வருவது, பகல் முழுக்க வேலை செய்த மனம் சொல்வது. அந்த நேரத்தில் மேலே போய்க் கதவைத் தட்டாதீர்கள் என்பதுதான் என் புத்திமதி. காலையில் போங்கள்.

அவசரம் நம் தீர்ப்பை மட்டும் கெடுப்பதில்லை, நம் செயலையும் மாற்றுகிறது. 1973இல் ஜோன் டார்லியும் டேனியல் பாட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி, வழியில் முனகிக்கொண்டு கிடக்கும் ஒருவரை வைத்தார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 வீதமானோர் நின்று உதவினார்கள். மிக அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 வீதமானோரே நின்றார்கள். சிலருக்குப் பேசும்படி கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு நின்று உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய பைபிள் கதை! காலையில் கோட்டை ரயில் நிலையத்தில் விழுந்தவரைத் தாண்டிப் போகும் கூட்டத்தைப் பார்த்து “கொழும்புச் சனத்துக்கு இரக்கம் இல்லை” என்று சொல்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை நினைக்க வேண்டும்.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மற்றவருக்குக் குணம், எனக்கு நிலைமை என்ற இரட்டை அளவுகோலை 1970களின் தொடக்கத்தில் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் முன்வைத்தார்கள். பல ஆண்டுகள் பாடநூல்களில் அது பொது விதியாகவே இருந்தது. 2006இல் பெர்ட்ரம் மால் 173 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, மொத்தமாக எடுத்தால் அந்த வேறுபாடு ஏறத்தாழ இல்லை என்று வந்தது. கெட்ட விளைவுகளில் மட்டும் அது தெரிந்தது. நல்ல விளைவுகளில் தலைகீழாக மாறிப் போனது. அதாவது தோல்வி வந்தால் நிலைமை, வெற்றி வந்தால் என் திறமை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் சனம் சொல்லி வைத்திருப்பதும் உடைந்த குடத்தைப் பற்றித்தானே. ஆகவே இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை, அதேநேரம் எல்லா இடத்திலும் நடப்பதும் இல்லை. பழி வரும் இடத்தில் நடக்கிறது.

இதில் சுயநலம் ஒரு பங்குதான். பார்வைக் கோணமும் ஒரு பங்கு. நான் நடக்கும்போது என் முகம் எனக்குத் தெரியாது, எனக்கு முன்னால் இருக்கும் வீதிதான் தெரியும். மைக்கல் ஸ்டோர்ம்ஸ் 1973இல் இருவரைக் கதைக்கவிட்டு, பிறகு ஒருவருக்கு மற்றவருடைய கோணத்திலிருந்து எடுத்த காணொளியைக் காட்டினார். தன்னை வெளியிலிருந்து பார்த்தவர் தன் நடத்தைக்குத் தன் குணத்தையே கூடுதலாகக் காரணம் சொன்னார். கமெராவை மாற்ற விளக்கமும் மாறியது.

பழக்கத்தில் கொண்டுவரக்கூடிய ஒரு கருவி வேண்டுமானால் ஹரோல்ட் கெல்லி 1967இல் சொன்ன மூன்று கேள்விகளைவிட நல்லதை நான் கண்டதில்லை. பிந்தி வந்தவரைப் பற்றி இப்படிக் கேளுங்கள்: இன்று மற்றவர்களும் பிந்தினார்களா? அவர் இந்த விடயத்தில் மட்டுமா பிந்துகிறார், எல்லாவற்றிலுமா? இது முதல் தடவையா, வழக்கமா? எல்லோரும் பிந்தியிருந்தால் மழையோ ரயில் வேலைநிறுத்தமோ இருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் பிந்தினால் அந்தக் கூட்டத்தில்தான் ஏதோ இருக்கிறது. மற்றவர்கள் நேரத்துக்கு வர, இவர் மட்டும் எங்கும் எப்போதும் பிந்துகிறார் என்றால், ஓம், அப்போது ஆளைப் பற்றிச் சொல்லலாம்.

அதையும் சொல்லத்தான் வேண்டும். நிலைமை, நிலைமை என்று எல்லாவற்றையும் கழுவிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. “வேலையில நெருக்கடி, அதான் கை நீட்டிட்டார்” என்று வீட்டில் அடிக்கிற ஆளுக்குச் சொந்தக்காரர் சொல்லும் விளக்கத்தை நான் ஏற்பதில்லை. அதே நெருக்கடியில் அவர் மேலாளரை அடிப்பதில்லை. நெருக்கடி காரணம் இல்லை என்பதைக் கெல்லியின் இரண்டாவது கேள்வியே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு செயலின் காரணம் விளங்குவது வேறு, அதை மன்னிப்பது வேறு.

ஒருவரைப் பற்றிய தீர்ப்பு ஒரு இனத்தைப் பற்றியதாக விரியும்போதுதான் எனக்கு அதிகம் பயம். டொனால்ட் டெயிலரும் வைஷ்ணா ஜக்கியும் 1974இல் தென்னிந்தியாவில் இந்து எழுதுவினைஞர்களிடம் சில சம்பவங்களைக் கொடுத்தார்கள்: கடைக்காரர் ஒருவர் தாராளமாக நடந்தார் அல்லது ஏமாற்றினார், வீட்டுக்காரர் ஒருவர் மழையில் நனைந்தவருக்கு ஒதுங்க இடம் கொடுத்தார் அல்லது கொடுக்கவில்லை என்பது போல. சம்பவத்தில் வருபவர் இந்துவானால் நல்லது அவருடைய குணத்தால் வந்தது. முஸ்லிமானால் நல்லதுக்குக் குணம் காரணமாகச் சொல்லப்பட்டது குறைவு. தோமஸ் பெட்டிக்ரூ 1979இல் இந்த வடிவத்தைப் பொதுவாக விரித்தார். மற்றக் கூட்டத்தில் ஒருவர் கெட்டது செய்தால் “அவங்கள் அப்பிடித்தான்”, நல்லது செய்தால் “இவர் மட்டும் வித்தியாசம்”.

புறக்கோட்டையில் ஒரே வீதியில் தமிழ், முஸ்லிம், சிங்களக் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நிறையில் குறை வைத்த கடைக்காரரைப் பற்றி வீட்டில் சொல்லும்போது அவருடைய இனத்தையும் சேர்த்துச் சொல்கிறோமா என்று கவனியுங்கள். நம்மவர் குறைத்தால் “அந்தக் கடைக்காரன் கள்ளன்” என்று நின்றுவிடும். இவ்வளவு இரத்தம் பார்த்த நாட்டில், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் சாப்பாட்டு மேசையில் இந்த ஒரு சொல்லை விடுவதும் விடாததும் சின்ன விடயம் இல்லை. “அவர் நல்ல சிங்கள ஆள்” என்று புகழ்வதிலும் இதே பொறி இருக்கிறது. அது மற்றவர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறது.

மேற்கு நாட்டவர்தான் குணத்தைப் பார்ப்பவர்கள், நாம் சூழலைப் பார்ப்பவர்கள் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் உண்டு. ஜோன் மில்லர் 1984இல் சிக்காகோவிலும் மைசூரிலும் ஒப்பிட்டார். சின்னப் பிள்ளைகளிடம் பெரிய வேறுபாடு இல்லை. வயது கூடக் கூட அமெரிக்கர்கள் குணத்தையும் மைசூர்க்காரர்கள் சூழலையும் கடமையையும் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரு சம்பவத்தில், மோட்டார் சைக்கிளில் தன் பின்னால் இருந்து விழுந்து காயப்பட்டவரை ஒரு சட்டத்தரணி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, காயம் எவ்வளவு பாரதூரமானது என்றுகூடக் கேட்காமல் வழக்குக்குப் போய்விடுகிறார். அமெரிக்கர் அவரைப் பொறுப்பற்றவர் என்றார்கள். மைசூரில் அவருக்குக் கட்சிக்காரருக்கான கடமை இருந்ததைச் சொன்னார்கள். ஆகவே இந்தச் சாய்வு பிறப்பிலேயே முழுமையாக வருவது இல்லை; வளரும் சமூகம் அதைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

ஆனால் இதை வைத்து நம்மை நாமே தட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கலியாணப் பேச்சு வந்தால் நாம் கேட்பது என்ன? எந்த ஊர், ஆருடைய பிள்ளை, தகப்பன் எப்படி. மேலோட்டமாகப் பார்த்தால் இது சூழலைப் பார்ப்பது போல இருக்கும். உண்மையில் ஒரு ஆளுக்கு ஒட்டும் குணத்தை ஒரு குடும்பத்துக்கும் ஒரு ஊருக்கும் ஒட்டுகிறோம். ஆளுக்கு ஒட்டியதையாவது அவர் தன் நடத்தையால் கழற்றலாம். ஊருக்கு ஒட்டியதை அவர் எப்படிக் கழற்றுவார்?

இரண்டாவது கேள்வி: என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது சரியா? நிஸ்பெட்டும் திமொதி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. மேசையில் நான்கு சோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். இடது ஓரத்தில் இருந்ததை 12 வீதமானோரும் வலது ஓரத்தில் இருந்ததை 40 வீதமானோரும் தெரிவு செய்தார்கள். ஏன் என்று கேட்டால் நெசவு, நேர்த்தி என்று சொன்னார்கள். இருந்த இடத்தைக் காரணமாக ஒருவரும் சொல்லவில்லை. அதுவாக இருக்குமோ என்று கேட்டபோதும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் செயலுக்குப் பொருத்தமாகத் தோன்றிய ஒரு காரணத்தை, மற்றவர் செயலுக்குச் சொல்வது போலவே, ஊகித்துச் சொன்னார்கள்.

டாரில் பெம் இதைவிடத் தூரம் போனார். உள்ளே இருக்கும் சைகைகள் தெளிவில்லாதபோது நாம் நம்மையும் வெளியிலிருந்து பார்ப்பவர் போலவே அறிகிறோம் என்பது அவர் வாதம். நான் எதைச் செய்கிறேன் என்று பார்த்து, அதிலிருந்து நான் எப்படிப்பட்டவன் என்று முடிவு செய்கிறேன். பெற்றோருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1973இல் மார்க் லெப்பரும் சகாக்களும் வரைவதை விரும்பிய பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் சிலருக்கு “வரைந்தால் பரிசு” என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு இல்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். பரிசுக்காகத்தான் செய்தேன் என்று பிள்ளை தன்னையே விளங்கிக்கொண்டது போலிருக்கிறது. ஏற்கெனவே விரும்பிப் படிக்கிற பிள்ளைக்குப் புதுப் போன் பேரம் பேசாதீர்கள். விருப்பமே இல்லாத பாடத்துக்குச் சின்ன ஊக்கம் கொடுப்பதில் இந்தக் கெடுதல் இல்லை, இழக்க அங்கே விருப்பம் இல்லை.

இனி உங்கள் மகன். பெர்னார்ட் வெய்னர் சொன்ன பிரிவு இங்கே உதவும்: காரணம் எனக்குள்ளா வெளியிலா, மாறுமா மாறாதா, என் கையில் இருக்கிறதா இல்லையா. “எனக்கு மூளை இல்லை” என்பது உள்ளே இருப்பது, மாறாதது, கையில் இல்லாதது. மூன்றிலும் மிக மோசமான மூலையில் போய் நிற்கிறது அந்த விளக்கம். அதை நம்பினால் மறுபடி படிப்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். “பேப்பர் கஷ்டம், திருத்தினவங்கள் பிழை” என்றாலும் பயன் இல்லை. அதுவும் அவன் கையில் இல்லை.

வில்சனும் பட்ரிசியா லின்வில்லும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்துக்கு நேரானது. புள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட்ட முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, தொடக்கத்தில் குறைவது சாதாரணம், பிறகு கூடும் என்று தகவலும் மூத்த மாணவர்களின் காணொளியும் கொடுத்தார்கள். அதைக் கேட்டவர்களில் 5 வீதமானோரும் கேட்காதவர்களில் 25 வீதமானோரும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படிப்பை விட்டார்கள். சிறிய குழு, அதனால் எண்ணை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். “நீ கெட்டிக்காரன்” என்று சொல்லவில்லை. காரணம் மாறக்கூடியது என்று உண்மையான தகவலோடு காட்டினார்கள்.

உங்கள் மகனுக்கும் அப்படியே செய்யலாம். பல்கலைக்கழகத் தெரிவு, வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகச் சரிப்படுத்திய இசட் புள்ளியில் நடக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதமானவை பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி உயரம். அவனுக்குக் கிடைத்த அதே புள்ளி வேறு மாவட்டத்தில் இடம் எடுத்திருக்கலாம். இது மூளையைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். வசதி குறைந்த பாடசாலையில் படித்த பிள்ளைக்காக வைத்த ஏற்பாடு அது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோபம் வேறு யார் மீதோ திரும்பும்.

பிறகு பாடம் பாடமாக உட்காருங்கள். பௌதிகவியலில் கட்டமைப்பு வினாவில் விட்டானா, பல்தேர்வில் நேரம் போதவில்லையா? ரியூசனில் கேட்டதைத் தனியே இருந்து செய்து பார்த்தானா, குறிப்பு மட்டும் எடுத்தானா? ஒவ்வொன்றும் அவன் தொடக்கூடிய காரணம். பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். இன்னொரு முறை எழுதுவதா, வேறு வழியா என்பதை அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு அவனே முடிவெடுக்கட்டும்.